நான்கு படிகள் பிறந்த கதை

டிராக்டரும் லாரியும் தயாரித்துவந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் சிகாகோவில் தன் ஃபோர்மேன்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். வெவ்வேறு தொழிற்சாலைகளிலிருந்து ஃபோர்மேன்கள் வந்து இரண்டு வாரம் தங்கிப் படித்தார்கள். இயந்திரம் பற்றிய பாடம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, அதில் ஊறியவர்கள். தொழிலாளியிடம் எப்படிப் பேசுவது, ஒருவர் மனக்குறையோடு வந்து நிற்கும்போது எப்படிக் காது கொடுப்பது, அதட்டாமல் எப்படி வேலை வாங்குவது என்பவைதான் பாடம். இன்று மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தலைமைப் பயிற்சி நடத்திவிட்டு, அது பலித்ததா என்று பார்க்க உலகெங்கும் கையாளப்படும் முறைக்கு வேர் இந்த ஃபோர்மேன்களின் உலகத்தில் இருக்கிறது. 'கிர்க்பேட்ரிக்கின் நான்கு படிகள்' என்று அதற்குப் பெயர்.

அப்போது ஃபோர்மேன்களைப் பள்ளிக்கு அனுப்பும் பழக்கத்தைப் போர்தான் கொண்டுவந்தது. 1940-ல் அமெரிக்க அரசு தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்காக ஒரு பெரும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. தலா பத்து மணி நேரத்தில் முடிகிற சிறு சிறு பாடத்திட்டங்கள். வேலையைக் கற்றுக்கொடுப்பது ஒன்று, வேலை முறையைச் சீராக்குவது ஒன்று, ஆட்களோடு இணங்கி நடப்பது ஒன்று. 1945-ல் திட்டம் முடிந்தபோது 16 லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். போர் முடிந்ததும் அந்த ஆர்வத்தை நிறுவனங்கள் தங்கள் செலவில் தொடர்ந்தன. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்ற கணக்கு எல்லோரிடமும் இருந்தது. முடித்தவர் ஊர் திரும்பி என்ன செய்தார் என்ற கணக்குதான் அரிதாக இருந்தது.

அந்தக் கணக்கை எடுக்க முனைந்தவர்களில் ஒருவர் எட்வின் ஃப்ளீஷ்மன். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் இளம் ஆய்வாளர். அங்கே தலைமைப் பண்பை இரண்டு அளவைகளாகப் பிரித்துப் பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே வேலை செய்பவர்மீது காட்டும் பரிவு ஓர் அளவை. வேலையை வகுத்து, கெடு வைத்து, முடுக்கி முடிக்கச் செய்யும் கண்டிப்பு மற்றொன்று. ஹார்வெஸ்டர் பள்ளிக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் ஃபோர்மேன்களிடம் வினாத்தாள் கொடுத்துப் பார்த்ததில் பள்ளி நடத்தியவர்கள் விரும்பிய விடையே வந்தது. பரிவு ஏறியிருந்தது, கண்டிப்பு இறங்கியிருந்தது. பெரும்பாலான நிறுவனங்கள் இத்தோடு கோப்பை மூடியிருக்கும்.

ஃப்ளீஷ்மன் தொழிற்சாலைக்கே போனார். பயிற்சி பெற்றவரும் பெறாதவருமாக 122 ஃபோர்மேன்களை எடுத்துக்கொண்டார். அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதோடு நிறுத்தாமல், அவர்களிடம் வேலை பார்த்த தொழிலாளர்களிடம் 'உங்கள் ஃபோர்மேன் எப்படி நடந்துகொள்கிறார்' என்று கேட்டார். அதற்கும் ஒரு படி மேலே போய், ஃபோர்மேனுக்கு மேலே இருக்கும் அதிகாரி எப்படிப்பட்டவர், அவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதையும் அளந்தார். 1953-ல் வெளிவந்த முடிவு பயிற்சி உலகத்துக்குக் கசப்பானது. பள்ளியில் ஏறிய பரிவு பட்டறைக்குள் நிலைக்கவில்லை. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் நடத்தையில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. சில குழுக்களில் பயிற்சி பெற்று வந்தவர்கள் முன்னிலும் கண்டிப்பாகவே நடந்தார்கள். ஒரு ஃபோர்மேன் பரிவோடு நடப்பாரா மாட்டாரா என்பதை, அவர் படித்த இரண்டு வாரத்தைவிட, அவருடைய மேலதிகாரியின் குணமே அதிகம் தீர்மானித்தது. மேலே இருப்பவர் பரிவுள்ளவராக இருந்தால் கீழே இருப்பவரிடமும் பரிவு தங்கியது. மேலே அதட்டல் என்றால் கீழேயும் அதட்டல்தான்.

தலைமைப் பயிற்சியை மதிப்பிடும் கலையின் முதல் பெரிய கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. மருத்துவமனைகள் பிற்காலத்தில் படிகளை எடுத்துக்கொண்டன. இந்தக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் தொழில் மேலாண்மை நிறுவனம் 1952-ல் ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தது. பயிற்சி மேலாளர்களுக்காக நடந்த ஒருநாள் கூட்டத்தின் சுருக்கம் அது. 'பயிற்சியை மதிப்பிட முடியுமா' என்ற கேள்வியே தலைப்பு. எழுதியவர் ரேமண்ட் கட்செல் என்ற தொழில்சார் உளவியலாளர். அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர் டொனால்ட் கிர்க்பேட்ரிக். விஸ்கான்சின் மண்ணிலேயே 1924-ல் பிறந்தவர். தொழிற்சாலை ஃபோர்மேன்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் நடத்தப்படும் மனித உறவுப் பயிற்சிகளை மதிப்பிடுவது குறித்துத்தான் அவர் 1954-ல் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். 1956-ல் எழுதிய ஒரு கட்டுரையில், பயிற்சியை நான்கு கட்டமாக அளக்கலாம் என்ற யோசனையைக் கட்செலின் பெயரைச் சொல்லியே எடுத்துக்காட்டினார். பயிற்சி பெற்றவர் என்ன நினைக்கிறார், எவ்வளவு கற்றார், வேலையில் நடத்தை மாறியதா, அந்த மாற்றத்தால் உற்பத்தி, விடுப்பு, ஆள் விலகல், விரயம் போன்றவற்றில் ஏதாவது அசைந்ததா என்ற நான்கும் அங்கே வந்துவிட்டன.

பின்பு 1959 நவம்பர் முதல் 1960 பிப்ரவரி வரை அமெரிக்கப் பயிற்சி இயக்குநர்கள் சங்கத்தின் இதழில் கிர்க்பேட்ரிக் நான்கு கட்டுரைகள் எழுதினார். படிக்கு ஒன்று. மதிப்பீடு என்றால் ஆளுக்கு ஒரு பொருள் கொள்கிறார்கள், அதைத் தெளிவாக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். எதிர்வினை, கற்றல், நடத்தை, விளைவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒற்றைச் சொல் வைத்தார். அந்தச் சுருக்கம்தான் அதைப் பரப்பியது. பயிற்சி அதிகாரி ஒருவர் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிற நான்கு சொற்கள். கட்செலின் பெயர் மறைந்து, அறுபது ஆண்டு கழித்து ஆய்வாளர்கள் பழைய தாள்களைத் தேடி எடுத்துத்தான் மீண்டும் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. கிர்க்பேட்ரிக் திருடினார் என்று நான் சொல்லமாட்டேன். முதலில் பெயர் சொன்னவரும் அவரே. சுருக்கியவருக்குப் புகழ் சேர்ந்தது, யோசித்தவருக்குச் சேரவில்லை. இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

நான்கு படிகளையும் ஒரு மருத்துவமனையில் வைத்துப் பார்ப்போம். ஒரு வார்டு சிஸ்டரைத் தலைமைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். கடைசி நாளில் படிவம் கொடுத்து, வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்பது முதல் படி. பணிமாற்ற நேரத்தில் நோயாளியின் விவரங்களை எப்படி ஒப்படைப்பது, கீழே இருப்பவர் தவறைச் சுட்டினால் எப்படி எடுத்துக்கொள்வது என்பதைத் தேர்வாகவோ செய்முறையாகவோ சோதிப்பது இரண்டாம் படி. மூன்று மாதம் கழித்து அவர் வார்டுக்கே போய், அந்த ஒப்படைப்பு உண்மையில் நடக்கிறதா, நேற்றுப் பணியில் சேர்ந்த நர்ஸ் மருந்தளவில் சந்தேகம் வந்தால் வாய் திறக்கிறாரா என்று பார்ப்பது மூன்றாம் படி. அந்த வார்டில் மருந்துத் தவறுகள் குறைந்தனவா, படுக்கைப் புண் குறைந்ததா, வேலையை விட்டுப் போகும் நர்ஸுகள் குறைந்தார்களா என்று எண்ணுவது நான்காம் படி. முதல் படிக்குப் பத்து நிமிடமும் ஒரு கட்டுத் தாளும் போதும். நான்காம் படிக்கு ஓராண்டும், பயிற்சிக்கு முன்பே எடுத்துவைத்த பதிவேடும், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு வார்டும் வேண்டும். ஆகவே எல்லோரும் முதல் படியிலேயே நின்றார்கள்.

முதல் படியில் நிற்பதற்கு ஒரு நியாயமும் சொல்லப்பட்டது. பிடித்திருந்தால் கற்பார்கள், கற்றால் நடப்பார்கள், நடந்தால் விளைவு வரும். எனவே முதல் கண்ணியைப் பார்த்தால் போதும் என்ற எண்ணம். 1989-ல் அல்லிகர், ஜனாக் என்ற இரு ஆய்வாளர்கள் முப்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இந்தச் சங்கிலிக்குப் போதிய சான்று இல்லை என்று காட்டினார்கள். பிடித்திருந்தது என்று டிக் அடிப்பதற்கும் உண்மையில் கற்பதற்கும் உறவு மிகச் சிறிது. வகுப்பு சுவையாக இருக்கலாம், உணவு நன்றாக இருக்கலாம், பேசியவர் சிரிக்க வைத்திருக்கலாம். இவை எதுவும் வார்டில் ஓர் உயிரைக் காக்காது.

மருத்துவத்துக்குள் இந்தப் படிகள் வந்த வழி பல. அவற்றில் பிரிட்டன் வழி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரிஸ்டல் நகரில் 1984 முதல் 1995 வரை குழந்தைகளுக்கு நடந்த இதய அறுவைச் சிகிச்சைகளில் இறப்பு அதிகம் என்ற குற்றச்சாட்டு பெரிய விசாரணையாக மாறி, 2001-ல் இயன் கென்னடி தலைமையிலான குழுவின் அறிக்கை வந்தது. தனிமனிதர்களின் கைத்திறனைத் தாண்டி, அங்கே குழுவாக வேலை செய்யும் பழக்கமும் சரியான தலைமையும் இல்லாமல் போனதை அது சுட்டியது. தவறு தெரிந்தவர் சொல்ல முடியாத இடமாக மருத்துவமனை இருக்கலாகாது என்ற எண்ணம் வலுத்த காலம் அது. அதே காலகட்டத்தில், 2000-ல், ஹ்யூ பாரும் அவர் குழுவினரும் மருத்துவர், செவிலியர், பிற பணியாளர் எல்லோரும் சேர்ந்து கற்கும் பயிற்சிகளை எடைபோட இந்த நான்கு படிகளையே எடுத்துத் திருத்தினார்கள். இரண்டாம் படியை மனப்பாங்கு மாறியதா, அறிவும் திறனும் கூடியதா என்று இரண்டாகப் பிரித்தார்கள். நான்காம் படியையும் பிரித்தார்கள்: நிறுவனத்தின் நடைமுறை மாறியதா என்பது ஒன்று, நோயாளிக்கு நன்மை கிடைத்ததா என்பது மற்றொன்று.

நான்காம் படியை இப்படிப் பிரித்ததில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். தொழிற்சாலையில் விளைவு என்றால் உற்பத்தியும் விரயமும். இரண்டும் நிறுவனத்தின் கணக்கில் வருபவை. மருத்துவமனையில் நிறுவனத்தின் கணக்கு ஒன்றாகவும் நோயாளியின் கணக்கு வேறாகவும் இருக்க முடியும். கோப்புகள் வேகமாக நகரலாம், கூட்டங்கள் நேரத்துக்கு நடக்கலாம், படுக்கையில் கிடப்பவருக்கு எதுவும் மாறாமல் இருக்கலாம். நோயாளிக்கென்று தனி வரி ஒதுக்கிய அந்த மாற்றத்தில்தான் தொழிற்சாலை முறை மருத்துவ முறையாக ஆனது என்பேன்.

அந்தத் தனி வரி பெரும்பாலும் காலியாகவே இருந்தது என்பது அடுத்த செய்தி. மருத்துவர்களுக்கான தலைமைப் பயிற்சி குறித்து வந்த ஆய்வுகளைத் திரட்டி யான் ஃப்ரிச்சும் பிறரும் 2015-ல் வெளியிட்ட மதிப்பாய்வில் 45 ஆய்வுகள் இருந்தன. பெரும்பாலானவை பயிற்சி பெற்றவரின் திருப்தியையும் அறிவையும் அவரே தன்னைப் பற்றிச் சொன்னதையும் அளந்தன. தரக் குறியீடுகள் மேம்பட்டன என்பது போல நிறுவன அளவில் நல்விளைவைப் பதிவுசெய்தவை 6 மட்டுமே. அதே ஆண்டு, மைக்கேல் வெஸ்ட் முதலானோர் கிங்ஸ் ஃபண்ட் உள்ளிட்ட அமைப்புகளுக்காகத் தயாரித்த அறிக்கையும், சுகாதாரத் துறையில் குறிப்பிட்ட தலைமைப் பயிற்சிகள் பலன் தருகின்றன என்பதற்கு வலுவான சான்று குறைவு என்றே சொன்னது.

தன்னைப் பற்றித் தானே சொல்வது ஏன் போதாது? 2006-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் டேவிஸும் பிறரும் எழுதிய மதிப்பாய்வைப் படித்தால் புரியும். மருத்துவர்கள் தங்கள் திறனைத் தாங்களே மதிப்பிட்டதையும் பிறர் நேரில் கண்டு அளந்ததையும் 20 இடங்களில் ஒப்பிட்டார்கள். 13-ல் இரண்டுக்கும் உறவு சிறிது, அல்லது இல்லை, அல்லது தலைகீழ். திறன் மிகக் குறைந்தவர்களிடமும் தன்னம்பிக்கை மிகுந்தவர்களிடமும் பிழை அதிகம் இருந்தது. தலைமைப் பயிற்சிக்கு வருபவர்களில் தன்னம்பிக்கை மிகுந்தவர் எத்தனை பேர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜார்ஜ் ஹோவர்டும் அவருடைய கூட்டாளிகளும் 1979-ல் எழுதியது அது. பயிற்சிக்கு முன் ஒருவர் 'நான் பிறர் சொல்வதை நன்றாகக் கேட்பவன்' என்று பத்துக்கு எட்டு போட்டுக்கொள்கிறார். பயிற்சியில் கேட்பது என்றால் என்ன என்று முதல்முறையாக விளங்குகிறது. முடிவில் நேர்மையாக ஆறு போடுகிறார். தாளைப் பார்த்தால் அவர் கீழே போய்விட்டார். ஆளைப் பார்த்தால் மேலே வந்திருக்கிறார். அளவுகோலே அவர் மனத்துக்குள் மாறிவிட்டது. எனவே பயிற்சி முடிந்த பிறகு, 'அன்று உண்மையில் எப்படி இருந்தீர்கள்' என்று திரும்பிப் பார்த்துச் சொல்லச் சொல்வதும் ஒரு முறையாயிற்று. அதுவும் தன் வாய்மொழிதான் என்பதால் ஓரளவுக்கே உதவும். வார்டில் கூட வேலை செய்பவரைக் கேட்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஃப்ளீஷ்மன் அதைத்தான் செய்தார்.

நான்காம் படி வரை ஏறிய ஒரு முயற்சியை விரிவாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகள் அறுவை அரங்குக் குழுக்களுக்கு ஒரு பயிற்சியைக் கொண்டுவந்தன. விமான ஓட்டிகளின் குழுப் பயிற்சியைத் தழுவியது. தலைமை வகிக்கும் அறுவைச் சிகிச்சை நிபுணர் வேலை தொடங்குமுன் எல்லோரையும் கூட்டிப் பேச வேண்டும், முடிந்ததும் மறுபடி கூடிப் பேச வேண்டும், யார் ஐயம் எழுப்பினாலும் நின்று கேட்க வேண்டும். பயிற்சிக்கு முன் இரண்டு மாதம் தயாரிப்பு. பயிற்சி நாளன்று நிபுணரும் மயக்க மருத்துவரும் செவிலியரும் டெக்னீஷியனும் சேர்ந்து உட்கார்வதற்காக ஆபரேஷன் தியேட்டர் மூடப்பட்டது. அதன்பின் ஓராண்டுக் காலம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து விசாரித்து வழிகாட்டினார்கள்.

எல்லா மருத்துவமனைக்கும் ஒரே நேரத்தில் பயிற்சி கொடுக்க முடியாததால், தானாகவே ஓர் ஒப்பீடு அமைந்தது. ஜூலியா நெய்லியும் பிறரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் பயிற்சி பெற்ற 74 மருத்துவமனைகளில் அறுவைக்குப் பின்னான ஆண்டு இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைந்தது. இன்னும் பயிற்சி பெறாத 34 இடங்களில் 7 சதவீதம் குறைந்தது. அந்த 7 சதவீதத்தைக் கவனிக்க வேண்டும். பயிற்சி இல்லாமலேயும் மருத்துவம் முன்னேறிக்கொண்டுதான் இருக்கும். ஒப்பிட ஆளில்லாமல் 18 என்ற எண்ணை மட்டும் வைத்திருந்தால், காலத்தின் முன்னேற்றத்தையும் பயிற்சியின் கணக்கில் எழுதியிருப்பார்கள். குலுக்கல் முறையில் பிரித்த சோதனை இல்லை என்பதால் இதிலும் ஐயத்துக்கு இடமுண்டு. ஆனாலும் பயிற்சி நடந்த காலம் நீள நீள இறப்பு மேலும் குறைந்தது என்பது அந்த ஐயத்தைச் சற்றுக் குறைக்கிறது.

இன்னொன்று 2018-ல் வந்தது. யேல் பல்கலைக்கழகக் குழுவினர் 10 மருத்துவமனைகளில் மாரடைப்பு நோயாளிகளின் இறப்பைக் குறைக்க இரண்டு ஆண்டு வேலை செய்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் உயர் நிர்வாகி முதல் களத்தில் நிற்பவர் வரை கலந்த ஒரு குழுவை அமைத்து, அந்தக் குழுவுக்கே பயிற்சி கொடுத்தார்கள். 6 மருத்துவமனைகளில் வேலைச் சூழல் கண்கூடாக மாறியது; 4-ல் மாறவில்லை. மாறிய இடங்களில் இறப்பு விகிதம் மற்றவற்றைவிட அதிகம் குறைந்தது.

இரண்டிலும் தனியாக ஒருவரை எடுத்துப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். ஃப்ளீஷ்மன் 1953-ல் சொன்னதை மருத்துவம் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் தன் நோயாளிகளைக் கொண்டு மறுபடி கற்றுக்கொண்டது. எத்தனை மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் ஓர் உதவிப் பேராசிரியரைத் தனியே பயிற்சிக்கு அனுப்பி, சான்றிதழோடு திரும்பியவரை அதே பழைய துறைத் தலைவரின் முன்னால் நிறுத்துகிறார்கள்! பயிற்சி தோற்றது என்று பிறகு அவர்மீதே பழி விழுகிறது. மதிப்பீட்டுப் படிவத்தில் துறைத் தலைவரைப் பற்றி ஒரு கேள்விகூட இருப்பதில்லை. நான்கு படிகளின் பெரிய குறை என்று நான் கருதுவது இதையே. எட் ஹோல்டன் 1996-ல் எழுதிய கண்டனமும் ஏறத்தாழ இந்தத் திசையில்தான் போனது: கற்றதை வேலையில் காட்ட விடும் சூழல் இந்தப் படிகளில் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார்.

கிர்க்பேட்ரிக் 2014-ல் தொண்ணூறு வயதில் காலமானார். பிற்காலத்தில் அவரும் அவர் மகன் ஜிம்மும், திட்டமிடும்போது படிகளைத் தலைகீழாகப் பிடிக்கச் சொன்னார்கள். எந்த விளைவு வேண்டும் என்று முதலில் முடிவு செய், அதற்கு எந்த நடத்தை தேவை என்று பார், அதற்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்று பார், வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது கடைசி.

அந்த வரிசையில் வேலை செய்த இடம் ஒன்று மதுரையில் இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் பிற கண் மருத்துவமனைகளைப் பயிற்றுவிக்க லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவ நிறுவனத்தை அமைத்தது. முதலில் அரவிந்த் குழு அந்த மருத்துவமனைக்கே போய் அங்குள்ள நிலையைப் பார்க்கிறது. பிறகு அங்கிருந்து மருத்துவர், நிர்வாகி, செவிலியர் என்று ஒரு குழுவாக மதுரைக்கு வருகிறார்கள். என்ன இலக்கு, அதற்கு யார் என்ன செய்வது என்று தாங்களே எழுதிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அதன்பின் தொடர் வருகையும் கணக்குக் கேட்பதும் உண்டு. நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் இந்த வழியில் வந்து போயிருக்கின்றன. பயிற்சிக்கு முன் எத்தனை கண்புரை அறுவை செய்தீர்கள், இப்போது எத்தனை, பார்வை எந்த அளவுக்குத் திரும்பியது என்பவை அங்கே கேட்கப்படும் கேள்விகள்.